பத்து யூனிற்றில் இருந்து

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவிடம் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. மட்டை கிழிந்து, ரேப் ஒட்டி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைச்சிருக்கிறா. போன மாசம் நாங்கள் அதைப் பக்கம் பக்கமாகப் பிரட்டிப் பார்த்தோம். இன்சுலின் காலமை 20, பின்னேரம் 10. மூன்று வருசமாக அதே இலக்கங்கள்தான். வெறுவயிற்றுச் சீனி 180, 210, 196 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஊசியின் அளவு மட்டும் அசையவில்லை. "டொக்டர் ஒண்டும் குறை சொல்லேல்லைப் பிள்ளை" என்றா அம்மம்மா.

அந்த 20 எங்கேயிருந்து வந்தது? அந்தக் கிளினிக்கில் இருந்த டொக்டரைக் குறை சொல்ல நாங்கள் இதைக் கேட்கவில்லை. ஒரு இன்சுலின் அளவை யார், எதை வைத்து, எவ்வளவு நாளைக்கு ஒருக்கால் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு நூறு வருசச் சரித்திரம் இருக்கிறது. தேடி வாசிக்கத் தொடங்கின பிறகுதான் எங்களுக்கே அது விளங்கியது.

முதலில் யூனிற் என்ற சொல்லையே பாருங்கோ. 1922 சனவரியில் ரொறன்ரோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அப்போது மருந்தின் தூய்மை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே நிறையால் அளக்க முடியாது, முயலால் அளந்தார்கள். 24 மணித்தியாலம் பட்டினி போட்ட 2 கிலோ முயல் ஒன்றுக்கு வலிப்பு வருமளவு சீனியை இறக்கும் மருந்துதான் ஒரு யூனிற். பிறகு அது மனிதருக்குப் பெரிய அளவாக இருக்கிறதென்று, அதில் மூன்றிலொரு பங்கை யூனிற் ஆக்கினார்கள். அம்மம்மாவின் 20க்குப் பின்னால் எத்தனையோ முயல்கள் நிற்கின்றன.

அந்தக் கால இன்சுலின் ஆறு மணித்தியாலமளவில் ஓய்ந்துவிடும். கண்ணாடிச் சிரிஞ்சை அவித்து, ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் குத்த வேணும். இரவு நித்திரையால் எழும்பியும் குத்தினவர்கள் உண்டு. இன்சுலினை மெதுவாக வேலை செய்ய வைக்க முடியுமா என்ற கேள்வி அந்த அலுப்பிலிருந்துதான் பிறந்தது.

விடை வந்தது டென்மார்க்கில். 1920இல் நோபல் பரிசு பெற்ற ஓகஸ்ட் குரோக் 1922இல் அமெரிக்காவுக்கு விரிவுரை செய்யப் போனபோது, அவருடைய மனைவி மரீயும் கூடப் போனார். மரீ ஒரு வைத்தியர், அவருக்கே நீரிழிவு இருந்தது. குரோக் ரொறன்ரோவில் இன்சுலின் தயாரிக்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். மரீக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹகடோர்ன் குரோக்கோடு சேர்ந்து தயாரிப்பைத் தொடங்கினார். ட்ரவுட் மீனின் விந்திலிருந்து எடுக்கிற புரொட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்தால், அது தோலுக்குக் கீழே இலகுவில் கரையாமல் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும் என்று ஹகடோர்னின் குழு 1936இல் அறிவித்தது. அதே காலத்தில் ரொறன்ரோவில் ஸ்கொட், ஃபிஷர் இருவரும் அதோடு நாகத்தைச் சேர்த்து இன்னும் நீட்டினார்கள். அமெரிக்காவின் பெயர்பெற்ற நீரிழிவு வைத்தியர் எலியட் ஜொஸ்லின், பான்ரிங் காலம் முடிந்து ஹகடோர்ன் காலம் தொடங்கிவிட்டது என்றே எழுதினார்.

ஒரு நாளைக்கு ஒரு ஊசி! ஆனால் அது நீண்டது கொஞ்சம் கூடிப்போனது. ஒரு நாளையும் தாண்டி வேலை செய்ததால், நேற்றைய ஊசியின் மிச்சத்தோடு இன்றைய ஊசி சேர்ந்து, விடியப்புறத்தில் சீனி விழத் தொடங்கியது. சாதாரண இன்சுலினை அதோடு கலக்கவும் ஏலாது, மிஞ்சியிருந்த புரொட்டமின் அதையும் பிடித்துக்கொள்ளும். 1946இல் ஹகடோர்னின் ஆய்வுகூடம் இரண்டில் எதுவும் மிஞ்சாதபடி சரியான விகிதத்தில் பளிங்காக்கியது. அதுதான் என்.பி.எச். அந்த எச், ஹகடோர்னின் எச். கலங்கல் நிற மருந்து. எங்கட வீடுகளில் பழக்கப்பட்ட 'மிக்ஸ்டார்ட்' போத்தலில் நூற்றுக்கு 70 பங்கு இந்தச் சரக்கு, மிச்சம் 30 விரைவாக வேலை செய்வது. அம்மம்மா ஊசிக்கு முதல் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டுவது அடியில் படிந்த அந்தப் பளிங்குகளைக் கலக்கத்தான். நாங்கள் சின்னனில் அதை ஏதோ நேர்த்திக்கடன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

என்.பி.எச்சின் சிக்கல் அதன் உச்சம். படுக்கைக்குப் போகேக்க போட்டால் நடுச்சாமம் தாண்டி, எல்லாரும் நித்திரையில் இருக்கும் நேரத்தில் அது பலமாக வேலை செய்யும். தனிய இருக்கிற ஒரு வயதான மனிசிக்கு இரவு இரண்டு மணிக்குச் சீனி 50க்கு இறங்கினால் யார் எழுப்பிச் சீனித்தண்ணி குடுக்கிறது? வைத்தியர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தால் அளவைக் கூட்டாமல் விட்டு, சீனி வருசக்கணக்காக 200இலேயே நின்றால் கண்ணும் சிறுநீரகமும் காலும் போகும். இரவில் விழுந்த சீனியை உடனே எல்லாரும் காண்பார்கள். பத்து வருசத்தில் மங்குகிற கண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2000ஆம் ஆண்டு கிளார்ஜின் சந்தைக்கு வந்தது. இன்சுலின் மூலக்கூறில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து, போத்தலில் அமிலமாகத் தெளிந்திருக்கவும் தோலுக்குக் கீழே போனதும் படிந்துவிடவும் வைத்தார்கள். கலக்கத் தேவையில்லை, உச்சமும் குறைவு. விலை மட்டும் கூட.

2003இல் ரிடில், ரோசன்ஸ்ரொக், கெரிச் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். கிளார்ஜின் தயாரித்த கொம்பனியின் காசில் நடந்த ஆய்வு அது, அதை மறக்கக்கூடாது. குளிசைகளால் சீனி கட்டுப்படாத 756 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கிளார்ஜினும் மற்றதுக்கு என்.பி.எச்சும் படுக்கைக்கு முன் கொடுத்தார்கள். எல்லாருக்கும் தொடக்கம் 10 யூனிற். பிறகு கிழமைக்கு ஒருக்கால் ஒரு அட்டவணைப்படி அளவை மாற்றினார்கள். வெறுவயிற்றுச் சீனி 180 அல்லது அதற்கு மேலென்றால் 8 யூனிற் கூட்டு, 140க்கு மேலென்றால் 6, 120க்கு மேலென்றால் 4, 100க்கு மேலென்றால் 2. சீனி விழுந்தால் கூட்டாதே.

24 கிழமை முடிய இரண்டு பகுதியின் மூன்றுமாதச் சராசரிச் சீனியும், அதாவது எச்.பி.ஏ.1.சி, 8.6 அளவிலிருந்து கிட்டத்தட்ட 7க்கு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை! கிளார்ஜினில் இரவில் சீனி விழுவது குறைவாக இருந்தது, அது உண்மையான இலாபம். ஆனால் சீனியைக் கீழே கொண்டுவந்தது புது மருந்தில்லை, அந்த அட்டவணை. பழைய கலங்கல் போத்தலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 10இல் தொடங்கினவர்கள் கடைசியில் கிளார்ஜினில் சராசரி 47 யூனிற்றில் போய் நின்றார்கள், என்.பி.எச்சில் 42இல்.

இங்கே நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இப்போது வழிகாட்டிகளில் வழமையாக இருப்பது மூன்று நாளுக்கு ஒருக்கால் 2 யூனிற் கூட்டுவது. 10இலிருந்து 47க்குப் போக 19 படி, 57 நாள். அதே 2 யூனிற்றை மாதமொரு கிளினிக்கில் மட்டும் கூட்டினால் 19 மாசம். அதுவும் ஒவ்வொரு மாசமும் தவறாமல் கூட்டினால்தான். மருந்தும் ஆளும் ஒன்று, யார் எப்போ பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் வேறு.

2005இல் கிட்டத்தட்ட 5,000 பேரைச் சேர்த்துச் செய்த இன்னொரு கிளார்ஜின் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. ஒரு பகுதிக்கு வைத்தியர் அளவை மாற்றினார். மற்றப் பகுதியில் நோயாளிகள் தாங்களே மூன்று நாளுக்கு ஒருக்கால் 2 யூனிற் மாற்றினார்கள். சீனி கூடக் குறைந்தது தாங்களே மாற்றினவர்களுக்கு. வைத்தியர் பார்த்தவர்களைவிடச் சீனி விழுந்த தடவைகள் கொஞ்சம் கூட இருந்தாலும், பாரதூரமான விழுகைகள் இரு பக்கமும் மிகக் குறைவுதான்.

சரி, அம்மம்மாவுக்கும் இப்படிச் செய்யலாம்தானே என்று எங்களில் ஒருத்தன் துள்ளினான். அது அவ்வளவு இலகு இல்லை. அவவின்ரை போத்தல் கலவை. அளவைக் கூட்டினால் நீண்டு வேலை செய்யும் 70 பங்கோடு விரைவான 30 பங்கும் கூடும், மத்தியானச் சாப்பாடு பிந்தினால் சீனி விழும். மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்ற வேணுமெண்டால் தினமும் காலமை விரலில் குத்திப் பார்க்க வேணும், ஸ்ட்ரிப் வாங்கக் காசு வேணும். எண்பதைத் தொட்ட ஒருத்தருக்கு 100 என்ற இலக்கே பொருத்தமில்லை, வைத்தியர்களே அந்த வயதில் இலக்கைத் தளர்த்துகிறார்கள். மறுபக்கத்திலும் ஒரு எல்லை இருக்கிறது. நீண்டநேர இன்சுலின் உடல் எடையில் கிலோவுக்கு 0.5 யூனிற்றைத் தாண்டியும் சீனி இறங்காவிட்டால், சும்மா கூட்டிக்கொண்டு போகாமல் சாப்பாட்டு நேரச் சீனியைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையைப் பார்த்து ஊசியின் அளவை மாற்றுகிற வேலை வேண்டாம். கிளினிக்குக்குக் கூடப் போய், "இந்த அளவு எப்ப கடைசியா மாத்தினது? எந்த இலக்கத்துக்குக் கொண்டுவரப் பாக்கிறம்?" என்று கேட்கலாம். போன கிழமை அவள் அதைத்தான் செய்தாள். கொப்பியில் 20 இப்போது 22. இரண்டு கிழமைக்கு ஸ்ட்ரிப் வாங்க நாங்கள் காசு சேர்த்திருக்கிறோம். காலமைச் சீனியை எழுத ஒரு தனிக் கொப்பியும் போட்டாச்சு.

2021இல் உலக சுகாதார நிறுவனம் கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலின்களை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் கிழமைக்கு ஒருக்கால் மட்டும் போடுகிற ஐகோடெக் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. தயாரித்தது டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க், ஹகடோர்னின் நோர்டிஸ்க் பின்னாளில் சேர்ந்துகொண்ட அதே கொம்பனி. அதன் தொடக்க அளவு 70 யூனிற். ஏன் 70 என்று தேடிப் போனோம். நாளுக்கு 10 வீதம், ஏழு நாள்.