பௌபஜார் தெருவில் இறங்கியவர்

1974-ஆம் வருடம் உத்தியோக நிமித்தமாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம், ஒரு டிரங்குப் பெட்டி, படுக்கை, உறை போட்ட மிருதங்கம் ஆகியவையே என் ஆஸ்தி. டாக்குரியாவில் நான்கு பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஒரு ஜாகை. லேக் மார்க்கெட் பக்கம் போனால் முருங்கைக்காயும் காபிப் பொடியும் கிடைக்கும். தமிழும் காதில் விழும். மற்ற நேரமெல்லாம் புழுக்கத்தையும் மின்வெட்டையும் திட்டிக்கொண்டு, மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று காத்திருப்பதே வேலை. மிருதங்கம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மாலையில் டல்ஹௌசி சதுக்கத்தில் டிராம் ஏறி, பௌபஜார் தெரு வழியாக சியால்தா போய் ரயில் பிடிப்பேன். ஒரு நாள் எங்கள் செக்ஷன் தலைமை குமாஸ்தாவும் உடன் வந்தார். வழியில் 210-ஆம் எண் உள்ள இடத்தைக் காட்டி, "உங்கள் ஊர்க்காரர் ஒருவர், உங்களைப் போலவே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர், இங்கே இறங்கினார். நீங்கள் என்றாவது இறங்கியதுண்டா?" என்று கேட்டார். அவர் சொன்னது சர் சி.வி. ராமனை. பௌதிகம் படித்த நான் தினமும் அந்த வழியாகப் போயும் அந்த இடத்தை அறியாதிருந்தது வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் அவருடைய கல்கத்தா வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், நிதி இலாகா பரீட்சையில் தேறி, 1907-ல் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. புதிதாக விவாகமானவர். டிராமில் போகையில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்து இறங்கினார் என்பது பிரசித்தமான கதை. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. ஸ்தாபகர் காலமாகி, ஆய்வுக்கூடம் ஆளின்றிக் கிடந்தது. அவர் புதல்வர் அம்ருதலால் இளைஞரை மனமுவந்து வரவேற்றார். ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் கைகொடுத்தார். விடியற்காலையும் மாலையும் ஆய்வு, நடுவில் ஆபீஸ். ரங்கூன், நாகபுரி மாற்றல்கள் நீங்கலாக, பத்து வருடம் இப்படியே நடந்தது.

அங்கே அவர் முதலில் எடுத்துக்கொண்ட விஷயங்களில் முக்கியமானது, வீட்டிலிருந்து காதில் சுமந்து வந்த சங்கீதம்தான். தந்தையார் வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். வயலின் தந்தி அதிர்வதை ஆராய, வில்லை ஒரே சீராக இழுக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். வீணை, தம்பூராவின் வளைந்த குதிரையால் உபசுரங்கள் எப்படிச் செழிக்கின்றன என்பதை 1921-ல் எழுதினார்.

எனக்குப் பிடித்தது மிருதங்கம் பற்றிய ஆய்வு. சாதாரணத் தோல் வாத்தியத்தில் எழும் உபசுரங்கள் முழு எண் விகிதத்தில் நிற்பதில்லை; ஆகவே ஓசை உண்டு, சுருதி கூடாது. வலந்தலையின் நடுவில் கரணை பூசும்போது அங்கே கனம் கூடுகிறது. அதனால் முதல் ஐந்து ஒலிகளும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில், தந்தியில் எழுவது போலவே அமைகின்றன. சிவகாளி குமார் என்ற வங்காளியுடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இதை வெளியிட்டார். நம் முன்னோர் காதால் கண்டுபிடித்ததற்கு, ஒரு தமிழரும் ஒரு வங்காளியும் கணக்குச் சொன்னார்கள்.

1917-ல் சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைக்க, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு ராமன் பேராசிரியரானார். அதே கழகத்தில்தான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு. எல்லாம் இனிமையாகவே முடியவில்லை. 1933-ல் அவர் பெங்களூர் போனார். மறு வருடம் கழகத்துக்குள் எழுந்த பூசலில் அந்த உறவு கசந்து முறிந்தது. ஆனாலும் இருபத்தைந்து வருடம் அந்த நகரம் அவருக்குக் கொடுத்ததும், அவர் அதற்குக் கொடுத்ததும் இல்லையென்று ஆகிவிடாது.

அந்த ஜனவரியில் தலைமை குமாஸ்தா என்னை டோவர் லேன் சங்கீத மாநாட்டுக்கு அழைத்துப் போனார். 1952-ல் தொடங்கிய அந்த மாநாட்டில் இரவு முழுதும் கச்சேரி நடக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டு, மண் குவளையில் டீ குடித்தபடி, தபலாவின் கரணையிலிருந்து எழும் நாதத்தை விடியும்வரை கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்த மிருதங்கத்தை வெளியே எடுத்தேன். சத்தம் கேட்டு, தபலா கற்கும் பக்கத்து வீட்டுப் பையன் வந்து எட்டிப் பார்த்தான். அவனிடம் வங்காளி கற்றேன். அவனுக்கு ஆதி தாளம் சொல்லிக் கொடுத்தேன்.

1979-ல் மாற்றல் உத்தரவு வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் விஞ்ஞானி ஆகவில்லை. கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன்தான். கல்கத்தாவில் வீணாக்கிய முதல் மாதங்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். வெளியூரில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சாப்பாடு, ஜாகை பற்றியெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். மாலை வேளையில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கிப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம்.