ஏ-சீரிஸ் என்ஜினின் சிலிண்டர் ஹெட்

1951-இல் ஆஸ்டின் ஏ-30 காருக்காக 803 கன சென்டிமீட்டர் அளவில் பிறந்து, அடுத்த ஆண்டிலேயே மாரிஸ் மைனருக்கும், 1959-இல் 848 கன சென்டிமீட்டராக வளர்ந்து மினிக்கும் உயிராக அமைந்து, 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கடைசி மினி லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து வெளிவந்த நாள்வரை நீடித்த ஏ-சீரிஸ் என்ஜினில், நான்கு சிலிண்டர்களையும் மேலிருந்து மூடி, வால்வுகளையும் காற்றுவழிகளையும் தன்னுள் தாங்கி நிற்கும் வார்ப்பிரும்புப் பாகமே சிலிண்டர் ஹெட் ஆகும். இதன் துளைகளைக் குடைந்தும் வளைவுகளைத் திருத்தியும் வால்வுகளைப் பெரிதாக்கியும் என்ஜினின் சக்தியைக் கூட்டுகிற வேலைக்கு ‘போர்ட்டிங்’ என்று பெயர். சாதாரணக் குடும்பக் காருக்கென்று மிகச் சிக்கனமாக வார்க்கப்பட்ட இந்த ஹெட்டைப் போல் அத்தனை பேருடைய கைத்திறனையும் ஆராய்ச்சியையும் தன்பால் ஈர்த்தவை மிகச் சிலவே.

எரியறையின் வடிவம் என்ஜினின் குணத்தையே மாற்றவல்லது என்பதைப் பக்கவால்வு என்ஜின்களின் காலத்திலேயே ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் நிரூபித்திருந்தார். அந்த வழியில் வந்தவர் ஹாரி வெஸ்லேக். ஸஸெக்ஸ் மாகாணத்து ரை என்னும் சிற்றூரில் தமது ஆராய்ச்சிச்சாலையை நிறுவிய அவர், ஹெட்டின் வழியே காற்றைச் செலுத்தி அதன் ஓட்டத்தை அளந்து பார்த்து, அந்த அளவைக்கொண்டே துளையைத் திருத்தும் முறையைத் தம் வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டார்; ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்.கே. என்ஜினின் ஹெட்டிலும் அவருடைய பங்கு உண்டு. ஏ-சீரிஸுக்கு அவர் அளித்த எரியறை இதய வடிவினது. இரு வால்வுகளுக்கும் நடுவே பறவையின் அலகைப் போல் ஒரு முனை ஸ்பார்க் பிளக்கை நோக்கி நீண்டிருக்கும். உள்ளே வரும் கலவை நன்கு சுழன்று துரிதமாக எரிய இவ்வமைப்பு உதவிற்று. அம்பாஸடர் காரில் நம் நாட்டு மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக இறக்கி, கார்பன் சுரண்டி, வால்வு தேய்த்து ஏற்றிய 1,489 கன சென்டிமீட்டர் பி-சீரிஸ் என்ஜினின் ஹெட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆயினும் இந்த ஹெட்டுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு வழிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தே இருக்கின்றன. அவையும் ஒரே பக்கத்தில். கலவை நுழையும் வழிகள் இரண்டு, ஒவ்வொன்றும் இரு சிலிண்டர்களுக்குப் பொது. புகை வெளியேறும் வழிகள் மூன்று, அவற்றுள் நடுவிலுள்ளது இரு சிலிண்டர்களுக்குப் பொது. எரியும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பதாகையால், ஒரே வழியைப் பகிரும் இரண்டாம் சிலிண்டரும் முதற் சிலிண்டரும் அடுத்தடுத்துக் கலவையை உறிஞ்சுகின்றன. இரண்டாவது தன் பங்கை முழுவதும் பெற்று முடிக்குமுன்பே முதலாவது அதே வழியில் வாய்வைத்து இழுத்துவிடுகிறது. பின்னர் நெடுநேரம் அவ்வழி சும்மா கிடக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இதே கதிதான். இரும்பை மிச்சப்படுத்திய இந்த அமைப்போடு மல்லாடியதுதான் ஏ-சீரிஸ் போர்ட்டிங்கின் வரலாறு முழுவதும்.

1961-இல் ஜான் கூப்பரின் பெயர் தாங்கி வந்த 997 கன சென்டிமீட்டர் மினி கூப்பர், இரட்டைக் கார்புரேட்டரும் திருத்திய ஹெட்டும் பெற்று, சாதாரண மினியின் 34 குதிரைச் சக்திக்கு எதிராக 55 காட்டியது. வில்ட்ஷயரின் டௌண்டன் கிராமத்தில் பட்டறை வைத்திருந்த டேனியல் ரிச்மண்ட் கையாலே குடைந்த ஹெட்டுகளின் புகழ், மினியைத் தயாரித்த கம்பெனியே அவருடைய ஆலோசனையை நாடும் அளவுக்குப் பரவிற்று. 1964-இல் வந்த 1,275 கன சென்டிமீட்டர் கூப்பர் எஸ், மூல மினியின் 27.8 மில்லிமீட்டர் உள்வால்வுக்குப் பதில் ஏறக்குறைய 35.7 மில்லிமீட்டர் வால்வைத் தாங்கியது. இங்கேதான் பேராசையின் விலை தெரியவந்தது. வால்வுகள் இரண்டும் பெருக்கப் பெருக்க அவற்றினிடையே எஞ்சும் இரும்பு மெலிந்து, சூட்டில் அவ்விடத்தே விரிசல் காணத் தொடங்கிற்று. ஆகவே பிற்காலத்து ஹெட்டுகளில் புகைவால்வைச் சற்றே சிறிதாக்கவேண்டி வந்தது.

துளையை அகலமாக்கினால் போதும், காற்று தானே வரும் என்று எண்ணுவது இத்தொழிலில் புதிதாக நுழைபவர்களின் பொதுவான பிழை. காற்று இடத்தைக் காட்டிலும் வளைவையே பொருட்படுத்துகிறது. வால்வு சீட்டுக்குக் கீழுள்ள குழிவும், வழி திரும்பும் இடத்தின் உட்புறக் குறுவளைவும், வால்வு கைடைச் சுற்றிய புடைப்புமே காற்றைத் தடுப்பவை. கைதேர்ந்தவன் முதலில் அவற்றைத்தான் தொடுவான். வழியின் நடுப்பகுதியிலோ இருபுறமும் புஷ்ராடுகள் இறங்கும் துளைகள் நெருங்கி நிற்பதால், ஓரளவுக்கு மேல் குடைந்தால் சுவர் உடைந்து ஹெட்டே வீணாகும். உள்வழியைக் கண்ணாடிபோல் மெருகிடுவதிலும் பயனில்லை. சற்றுச் சொரசொரப்பான சுவரே பெட்ரோல் துளிகளைத் திரண்டு படியவிடாமல் காற்றோடு செல்லவைக்கிறது. வெளிவழிக்கு மட்டும் மெருகு நல்லது, கரி எளிதில் ஒட்டாது.

குடைந்து முடிந்தபின் எரியறைகளை அளக்கும் வேலையே பொறுமையைச் சோதிப்பது. ஹெட்டைக் கவிழ்த்துச் சமநிலையில் வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட கண்ணாடிபோன்ற தகட்டை அதன்மேல் அழுத்தி, ப்யூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக்குமிழி மறையும் கணத்தில் நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்வர். நான்கு அறைகளும் ஒரே அளவைக் காட்டும்வரை, குறைந்த அறையைச் சிறிது சிறிதாகத் தேய்த்து மீண்டும் அளக்கவேண்டும். அதற்குப் பிறகே அமுக்கவிகிதம் கணக்கிட்டு ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவார்கள்.

ஐந்து வழிகளின் தளையையே அறுத்துவிட முயன்றவர்களும் உண்டு. ஜிம் வைட்ஹவுஸின் ஆர்டன் பட்டறை எட்டு வழிகள் கொண்ட அலுமினிய ஹெட்டைப் பந்தயத்துக்கென வார்த்தது, பின்னாளில் பி.எம்.டபிள்யூ மோட்டார்சைக்கிளின் பதினாறு வால்வு ஹெட்டைக்கூட ஏ-சீரிஸின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். பழைய ஐந்துவழி ஹெட் கொண்ட ஏ-சீரிஸ் என்ஜினைப் பற்றி டேவிட் விஸார்ட் எழுதிய விரிவான நூல் இன்றும் பட்டறைகளில் எண்ணெய்க் கறையுடன் கிடக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோன பிறகு, மெத்தென்ற வார்ப்பிரும்பில் வெட்டிய புகைவால்வு சீட்டுகள் விரைவில் தேய்ந்து உள்வாங்குவதால், அவற்றைக் கடைந்தெடுத்துக் கடினமான எஃகு வளையங்களைப் பதிப்பது வழக்கமாயிற்று. பழைய ஹெட் மேஜைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான், வந்த கையோடு அதன் வழிகளும் குடைந்து சீர்பெறுகின்றன.