வெயிலை வாசலிலேயே நிறுத்திய வீடுகள் – பொன்னமராவதி முதல் ஏ.சி. வரை

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது பழமொழி. இன்றோ வெயிலின் அருமை, கோடை முடிந்து வரும் மின் கட்டணத்தில்தான் தெரிகிறது!

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது பொன்னமராவதி. கடற்காற்று எட்டாத ஊர். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஊரையும் அதைச் சுற்றியுள்ள வலையபட்டி, மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி போன்ற ஊர்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தால் இரண்டு விதமான வீடுகள் கண்ணில் படும். ஒன்று, தெருவுக்குத் தெரு நீளும் நகரத்தார் வீடுகள். மற்றொன்று, கடந்த 40, 50 ஆண்டுகளில் எழுந்த காங்கிரீட் வீடுகள். முதல் வகை வீடுகள் ஏ.சி. என்ற சொல்லே இல்லாத காலத்தில் கட்டப்பட்டவை. இரண்டாவது வகையில் ஏ.சி. இல்லாமல் இரவில் தூங்க முடியவில்லை என்ற பேச்சு அதிகம்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பர்மா பணத்தில் எழுந்த வீடுகள்

பொன்னமராவதிப் பகுதி 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சிவகங்கைப் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து இதுவும் செட்டிநாடு என்றே அறியப்படுகிறது. இங்கு வாழ்ந்த நகரத்தார், வட்டித் தொழிலிலும் வாணிபத்திலும் சிறந்தவர்கள். 1852 ஆம் ஆண்டுப் போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869 ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. நெல் விளைவிக்க நிலம் திருத்தியவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் முக்கியமானவர்கள். பர்மா, இலங்கை, மலேயாவில் ஈட்டிய செல்வம் சொந்த ஊரில் வீடுகளாக எழுந்தது. கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு அரண்மனை 1912 ல் முடிந்தது. பெரும்பாலான பெரிய வீடுகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940 க்கும் இடையே கட்டப்பட்டவை. 1930 களின் பொருளாதார மந்தமும், 1942 ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தக் காலத்தை முடித்து வைத்தன.

இந்த வீடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பர்மா தேக்கையும் இத்தாலி சலவைக்கல்லையும்தான் அதிகம் சொல்வார்கள். அவை அழகுக்கு. வீட்டைக் குளிர வைத்தவை வேறு.

வீடு எப்படிக் குளிர்ந்தது?

முதலில் சுவர். தடித்த செங்கல் சுவரின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பல அடுக்குகளாகப் பூசினார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேரும். அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளையான இந்தச் சுவர் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பியது. மீறி வந்த வெப்பமும் தடித்த சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் மாலையாகிவிடும்.

இரண்டாவது கூரை. நாட்டு ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்காக வேய்ந்தார்கள். ஓடுகளுக்கு இடையில் நின்ற காற்று வெப்பத்தைத் தடுத்தது. அதற்குக் கீழே உயரமான உத்தரம். சூடான காற்று மேலே போய்விட, ஆள் இருக்கும் உயரத்தில் சூடு குறைந்தது.

மூன்றாவது வளவு. முகப்பைத் தாண்டினால் வானத்தைப் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. முன் வாசலில் நின்று பார்த்தால் பின் வாசல் தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பகலில் தாழ்வாரத்து நிழல் சுவர்களைக் காக்கும். இரவில் முற்றம் வழியாக வீட்டின் வெப்பம் வானத்துக்குப் போகும். குளிர்ந்த காற்று கீழே இறங்கி வீட்டுக்குள் பரவும். மழை வந்தால் நாலா பக்கத்து ஓட்டு நீரும் முற்றத்தில் விழும்.

நான்காவது தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவது இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பின்பு தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். அந்தத் தரையில் துண்டை விரித்துப் படுத்தாலே போதும் என்பது செட்டிநாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது கட்டடத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. அந்த வீடுகளில் அறைகள் பெரும்பாலும் பொருள் வைக்கவே பயன்பட்டன. ஆட்கள் வெயில் ஏறினால் உள்ளே வருவார்கள், வெயில் தாழ்ந்தால் திண்ணைக்கோ முற்றத்துக்கோ போவார்கள். இரவில் காற்று வரும் இடத்தில்தான் படுக்கை. இன்று போல் நான்கு சுவருக்குள் கதவை அடைத்துக்கொண்டு தூங்கும் வழக்கம் குறைவு.

ஏழை வீட்டின் கதை

வரலாற்றைச் சொல்லும்போது ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. ஊரில் எல்லோரும் வளவு வீட்டில் வாழவில்லை. வயலில் வேலை செய்தவர்களுக்கு மண் சுவரும் ஓலைக் கூரையும்தான். ஓலை வெப்பத்தை எளிதில் விடாது, அதனால் குடிசையும் குளிர்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை ஓலை மாற்ற வேண்டும். மழைக்கு ஒழுகும். ஒரு பொறி பட்டால் எல்லாம் போய்விடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. 2010 ல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கியது. 2011 ல் வந்த பசுமை வீடு திட்டமும் காங்கிரீட் வீட்டையே தந்தது.

இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. தீயும் மழையும் இனிப் பயமில்லை. ஆனால் குடிசையின் குளிர்ச்சியும் கூடவே போய்விட்டது. நாலைந்து அங்குலக் காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அதைக் கீழே இறக்கும். அதாவது மனிதன் படுக்கும் நேரத்தில் கூரை அடுப்பாகிறது! கட்டில் போட்டிருக்கும் அந்த அறையில்தான் ஏ.சி. மாட்டப்படுகிறது.

அச்சகத்துக்காக வந்த ஏ.சி.

ஏ.சி. மனிதனுக்காகப் பிறந்தது அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1902 ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரமே இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. அது பின்னர் திரையரங்குக்கும் அலுவலகத்துக்கும் சென்று, கடைசியில் வீட்டுக்கு வந்தது.

இந்தியாவில் 2006 ல் மின் சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு அறிமுகமானது. 2020 ஜனவரி முதல் புதிய அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

முதலீடா, நடைமுறைச் செலவா?

வணிகக் கணக்கில் மூலதனச் செலவு, நடைமுறைச் செலவு என்று இரண்டு உண்டு. வளவு வீட்டில் குளிர்ச்சி மூலதனத்தில் சேர்ந்துவிட்டது. சுவருக்கும் ஓட்டுக்கும் ஒரு முறை கொடுத்த பணம், நான்கு தலைமுறைக்குக் குளிர்ச்சி தந்தது. ஓடு மாற்ற, சுண்ணாம்பு பூச, முற்றம் கழுவக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. காங்கிரீட் வீட்டில் கட்டும்போது மிச்சம் பிடித்த பணத்தை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தவணையாகக் கட்டுகிறோம். அந்தத் தவணைக்கு முடிவே இல்லை!

ஓர் எடுத்துக்காட்டு. 1.5 டன் ஏ.சி. மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரம், 60 நாள் ஓடினால் 480 யூனிட். விளக்கு, விசிறி, பிரிட்ஜுக்கு 150 யூனிட். மொத்தம் 630. அது 20 டிகிரியில் ஓடிய கணக்கு என்றால், 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விட்டால் ஏ.சி.யின் பங்கு சுமார் 330 ஆகக் குறையும். மொத்தம் 480. இதில் மிச்சம் 150 யூனிட் மட்டும் அல்ல. 2022 ல் திருத்தப்பட்ட தமிழகக் கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் கிடைக்காது. ஆக, 500 என்ற கோட்டைத் தாண்டாமல் இருப்பதே ஒரு லாபம்.

பழைய வீடு சொல்லும் பாடம்

இன்று யாரும் முட்டை வெள்ளைக்கருவில் சுவர் பூச முடியாது. அதற்குப் பணமும் இல்லை, கொத்தனாரும் அரிது. ஆனால் அந்த வீட்டின் தத்துவம் எளியது: வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டு வெளியேற்றுவதை விட, வராமல் தடுப்பது மலிவு.

மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது பழைய வெள்ளைச் சுவரின் வேலையைச் செய்யும். தெலங்கானா மாநிலம் 2023 ல் இதற்கென்றே குளிர் கூரைக் கொள்கை வெளியிட்டது. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டுத் தட்டோடு பதிப்பது அடுக்கு ஓட்டின் வேலையைச் செய்யும். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதை விட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்ளேயே தங்கிவிடும் அல்லவா? மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னல்களைத் திறந்து அறைச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு அடைத்து ஏ.சி. போட்டால் அதன் பாரம் குறையும். வடிகட்டியை மாதம் இரு முறை கழுவுவதற்குச் செலவே இல்லை.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. ஆனால் வாரிசுகள் பல ஊர்களில் சிதறிவிட, பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் விலை போன வீடுகளும் ஏராளம். ஒரு வீடு இடிந்தால் போவது தேக்கு மட்டும் அல்ல. இந்த மண்ணின் வெயிலை நன்கு தெரிந்து வைத்திருந்த ஓர் அறிவும் சேர்ந்தே போகிறது. 2024 ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இத்தகைய காலத்தில் அந்த அறிவு பணக்காரர் வீட்டு அருங்காட்சியகப் பொருளாக இருந்தால் போதாது. அரசு கட்டித் தரும் சிறு காங்கிரீட் வீட்டின் கூரைக்கும் அது வந்து சேர வேண்டும். ஏ.சி. வாங்க முடியாதவருக்குத்தான் குளிர்ந்த கூரை முதலில் தேவை.