ஆடுபானின் வெள்ளி நூலும் ஒரு அலுமினிய வளையமும்

சனிக்கிழமை காலைல நாலு மணிக்கு அலாரம் வைக்கிற ஆள் நான் இல்லைன்னு என்னைத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா வச்சேன். ஆகஸ்ட் முதல் வாரம், ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச நேரம். ரூம்மேட்டோட காரைக் கடன் வாங்கிக்கிட்டு பிட்ஸ்பர்க்ல இருந்து கிளம்பிட்டேன். ரெக்டர்னு ஒரு குட்டி ஊர். அதுக்குப் பக்கத்துல கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோட காடு, பேர் பவுடர்மில். பாடும் பறவைகளைப் பிடிச்சு, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டி, திரும்பப் பறக்க விடுற வேலை அங்கே 1961ல இருந்து நடக்குது. இலையுதிர் கால சீசன் அப்பதான் ஆரம்பம்.

"இலை ஒண்ணு கூட உதிரலையே, எனக்கு வேர்த்து ஊத்துது"ன்னேன். அங்கிருந்த பெரியவர் சிரிச்சார். மரத்துக்குத்தான் அக்டோபராம். பறவைக்கு ஆகஸ்ட்லயே வலசை ஆரம்பிச்சுடுமாம்.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஹோம்வொர்க் பண்ணிட்டுதான் போனேன். அமெரிக்காவுல இந்த வளையக் கதையை எங்கே படிச்சாலும் ஆடுபான்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. 1804ல இதே பென்சில்வேனியாவுல, ஒரு குகைக்குள்ள இருந்த ஃபீபி குஞ்சுகள் காலில் வெள்ளி நூல் கட்டினாராம். அடுத்த வருஷம் அதுல ரெண்டு திரும்பி வந்ததைப் பார்த்தாராம். அழகான கதை. நானும் நாலு பேர்கிட்ட அளந்து விட்டிருக்கேன். 2018ல ஒரு ஆய்வுக்கட்டுரை இதைப் போட்டு உடைச்சுடுச்சு. 1805 வசந்தத்துல ஆடுபான் அமெரிக்காவிலேயே இல்லை, பிரான்சுக்குப் போயிருந்தார். அப்புறம் எந்தக் கண்ணால ஃபீபியைப் பார்த்தார்? படம் வரையறதுல அவர் மன்னன்தான், அதுல சந்தேகம் இல்லை. ஆனா தேதி போட்டு எழுதி வைக்காத சாட்சிக்கு இதுதான் கதி.

நிஜமான ஆரம்பம் டென்மார்க்ல. 1899ல மோர்டென்சன்னு ஒரு பள்ளி ஆசிரியர், ஸ்டார்லிங் பறவைகளுக்கு (நம்ம மைனாவுக்கு சொந்தக்காரன்) நம்பரும் முகவரியும் பொறிச்ச அலுமினிய வளையம் போட்டார். 1902ல வாஷிங்டன்ல பால் பார்ட்ச், வக்கா பறவைகளுக்குப் போட்டார். 1920ல அமெரிக்க அரசே பொறுப்பை எடுத்துக்கிச்சு. இன்னிக்கும் ஒவ்வொரு வளையத்துலயும் இருக்கிற நம்பர் மத்திய அரசு கொடுக்கிறதுதான், அனுமதி இல்லாம யாரும் போட முடியாது.

ஆனா ஆரம்ப காலத்துல ஒரு சிக்கல் இருந்துச்சு. கூண்டுக்குள்ள தானியம் தூவித்தான் பறவை பிடிச்சாங்க. பூச்சி திங்கிற வார்ப்ளர் தானியத்தைத் திரும்பிக் கூடப் பார்க்காதே? அதுக்கு வழி ஜப்பான்ல இருந்து வந்துச்சு. சாப்பாட்டுக்குப் பறவை பிடிக்க அங்கே காலங்காலமா பயன்படுத்தின மெல்லிய வலை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அங்கே போன அமெரிக்கப் பறவையியலாளர்கள் அதைப் பார்த்து வியந்து, ஊருக்குச் சொன்னாங்க. கொன்னு திங்கிறதுக்குன்னு செஞ்ச கருவி, உயிரோட விடுறதுக்குப் பயன்பட ஆரம்பிச்சது இப்படித்தான்.

பவுடர்மில்ல அந்த வலையைக் கிட்ட நின்னு பார்த்தேன். 12 மீட்டர் நீளம், ஆனா புதருக்கு முன்னாடி சுத்தமா கண்ணுக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, சிக்கினதைத் துணிப்பையில போட்டுக் கொண்டு வர்றாங்க. இறக்கையை அளந்து, ஒரு சின்ன டப்பாவுக்குள்ள தலைகீழா விட்டு எடை. வயித்துல ஊதினா மெல்லிய தோலுக்கு அடியில கொழுப்பு மஞ்சளாத் தெரியும், பயணத்துக்குக் கட்டுச்சோறு ரெடியான்னு பார்க்கிறாங்க. அப்புறம் தலை இறகை லேசா நனைச்சு ஒதுக்கி, மண்டையோட்டைப் பார்த்தாங்க. இந்த வருஷக் குஞ்சுன்னா ஓடு இன்னும் முழுசாக் கெட்டியாகி இருக்காது. சீசன் போகப் போக அதுவும் கெட்டியாயிடும். அதனால ஆகஸ்ட்ல பார்க்கிறது ரொம்ப முக்கியம். வந்ததுல குஞ்சு எத்தனை, பெருசு எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் அந்த வருஷம் இனப்பெருக்கம் எப்படி இருந்துச்சுன்னு புரியும்.

இதெல்லாம் எதுக்குன்னு நீங்க கேட்கலாம், நான் கேட்டேன். 1970க்கு அப்புறம் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சேர்த்து சுமார் 290 கோடி பறவைகள் குறைஞ்சு போச்சுன்னு 2019ல 'சயின்ஸ்' இதழ்ல கணக்கு வந்துச்சு. பத்துல கிட்டத்தட்ட மூணு. அந்தக் கணக்கு முக்கியமா வேற சர்வேக்கள்ல இருந்து வந்தது, ரேடார் பதிவுகளும் அதையே காட்டுச்சு. ஆனா எண்ணிக்கை குறையுதுன்னு மட்டும் தெரிஞ்சா பத்தாதே, பிறக்கலையா, பிறந்தது பிழைக்கலையாங்கிறதை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. கையில எடுத்துப் பார்க்கணும்.

இங்கே 1961ல பாப் லெபர்மன் ஆரம்பிச்சப்போ பருவநிலை மாற்றம்னு ஒரு கேள்வியே யார் மனசுலயும் இல்லை. அவர் பாட்டுக்கு எடை போட்டு எழுதி வச்சார். 46 வருஷப் பதிவு, கிட்டத்தட்ட 5 லட்சம் பறவைகள். 2010ல அதை அலசிப் பார்த்தப்போ, பெரும்பாலான இனங்கள்ல உடம்பு கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகிட்டு வர்றது தெரிஞ்சுது. வெப்பநிலை ஏறினதோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னு சொல்றாங்க. நான் எழுதுற லாக் ஃபைலை முப்பது நாள்ல அழிச்சுடுவோம்...

நம்ம கோடியக்கரையிலயும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருஷமா வளையம் போட்டிருக்காங்க. நாலு வருஷம் நாகப்பட்டினத்துல இன்ஜினியரிங் படிச்சேன். ஒரு நாள் கூடப் போய்ப் பார்த்ததில்லை. எட்டிப் பிடிக்கிற தூரம். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

பத்து மணி வாக்குல ஒரு கேட்பேர்ட் வந்துச்சு, காலில் ஏற்கெனவே வளையத்தோட. நம்பரை அடிச்சுப் பார்த்தாங்க. மூணு வருஷம் முன்னாடி இதே இடத்துல, மண்டையோடு முத்தாத குஞ்சா மாட்டினதாம். ஒவ்வொரு குளிர்காலமும் தெற்கே போயிட்டு இதே புதருக்கு வந்திருக்கு. பெரியவர் அதை என் உள்ளங்கையில வச்சார். நெஞ்சு துடிக்கிறது விரல்ல தெரிஞ்சுது. ரெண்டு நொடி அப்படியே உட்கார்ந்திருந்துட்டு, பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டுப் பறந்துடுச்சு. கையில எச்சம். நோட்டுல தேதியும் எடையும் எழுதுற வேலையை எனக்குக் கொடுத்தாங்க, கையைத் துடைச்சுட்டு எழுதினேன்.