தனிச்சலுகையும் பொது அறிவிப்பும்: கிண்டிப் பொறியியல் கல்லூரியின் முதல் மாணவியர்

முன்னுரை

பெண்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில ஊக்குவிக்கப்பட்ட வரலாறு பெரும்பாலும் ‘முதல் பெண்’ பட்டியலாகவே எழுதப்படுகிறது. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பொறியாளர் என நீளும் அப்பட்டியல் தேவையானதே. ஆயினும், முதலில் நுழைந்தவர் யார் என்று கூறும் பட்டியல், கதவைத் திறந்தவர் யார், எதன்பொருட்டுத் திறந்தார், அவர் நுழைந்த பின்னர் அது திறந்தே இருந்ததா என்பனவற்றைக் கூறுவதில்லை. சென்னை மாகாணத்தில் 1940களின் தொடக்கத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மூன்று பெண்கள் சேர்ந்து பயின்ற நிகழ்வை இவ்வினாக்களோடு இக்கட்டுரை அணுகுகிறது. அங்கு ஒரு தந்தையின் வேண்டுகோளாகத் தொடங்கியது, ஓராண்டுக்குள் கல்லூரியின் பொது அறிவிப்பாக மாறிற்று. ‘முதல் பெண்’ என்னும் சிறப்பினும் இம்மாற்றமே வரலாற்று நோக்கில் முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மருத்துவத்திற்குக் கிடைத்த நியாயம்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அவ்வாண்டில் சேர்ந்தனர். பேறுகாலத்திலும் ஆண் மருத்துவரை அணுக மறுத்த இந்தியப் பெண்களின் நிலையே ஷார்லீப்பை மருத்துவம் கற்கத் தூண்டியது. நோயாளியாக ஒரு பெண் காத்திருந்தமையால் மருத்துவராக ஒரு பெண் தேவைப்பட்டார். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அதே கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றபோது இந்நியாயம் ஏறத்தாழ நாற்பதாண்டுப் பழமை உடையதாகியிருந்தது.

ஆசிரியப் பணிக்கும் இதே நியாயம் பொருந்தியது. பெண்கள் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும். அவர்களை உருவாக்கப் பெண்கள் கல்லூரி வேண்டும். பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரி 1914இலும், பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915இலும் சென்னையில் தொடங்கப்பெற்றன. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, அங்கிருந்து பார்பர் உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றார். தூய அறிவியல், கற்பித்தல் என்னும் வாயில் வழியாகவே அக்காலப் பெண்களை வந்தடைந்தது.

பொறியியலுக்கு இத்தகைய நியாயம் ஏதும் இல்லை. பாலமோ மின்மாற்றியோ பெண்தான் தன்னைத் தொட வேண்டும் என்று கேட்பதில்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920இல் கிண்டி வளாகத்திற்குப் பெயர்ந்த பொறியியல் கல்லூரி, பெண்களைச் சேர்க்காமலேயே ஒன்றரை நூற்றாண்டை நெருங்கியதில் வியப்பில்லை. அதைக் குறையாக எவரும் சுட்டவுமில்லை. பெண்கல்விக்காக ஓயாது பேசிய அக்காலச் சீர்திருத்தக் குரல்களிலும் மருத்துவரும் ஆசிரியரும் செவிலியரும் இடம்பெற்ற அளவுக்குப் பொறியாளர் இடம்பெறவில்லை.

லலிதாவின் சேர்க்கை

அ. லலிதா 1919 ஆகஸ்டு 27இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் திருமணம். பதினெட்டாம் வயதில் கைம்மை. கணவர் 1937இல் மறைந்தபோது அவர்களின் மகளுக்கு நான்கு மாதம். லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். மகளின் படிப்பு தொடர வேண்டும் என அவர் முடிவுசெய்தார். லலிதா இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல் வகுப்பில் முடித்தார்.

மருத்துவத்தை அவர் தேர்ந்தெடுக்காமைக்கான காரணம் கவனத்திற்குரியது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் கைக்குழந்தையை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் பணியே தமக்கு ஏற்றது எனக் கருதினார். தந்தையும் உடன்பிறந்தோரும் இருந்த துறை பொறியியல். பெண்ணுக்குப் பொருந்தாதது என்று எண்ணப்பட்ட துறை, ஓர் இளந்தாய்க்குப் பொருத்தமான துறையாகத் தோன்றியது. இத்தேர்வில் புரட்சி முழக்கம் ஏதுமில்லை, வீட்டுக் கணக்கே இருந்தது. ஊக்குவிப்பு பற்றிய இன்றைய உரைகள் இத்தகைய கணக்குகளை எளிதில் கடந்துவிடுகின்றன.

சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமிடமும் இசைவு கோரினார், இருவரும் மறுக்கவில்லை. இங்ஙனம் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். மூன்று ஆண்கள் இசைந்ததால் ஒரு பெண் படித்தார் என இதனைச் சுருக்கிக் கூறலாம். அவர்களின் நன்னோக்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால், அதே ஆண்டில் அதே கல்வித் தகுதியோடு, பேராசிரியர் அல்லாத தந்தைக்குப் பிறந்த ஒரு பெண் அக்கல்லூரி வாயிலை அடைந்திருக்க வழியில்லை. இதுவே தனிச்சலுகையின் எல்லை.

விடுதியும் விளம்பரமும்

லலிதா கல்லூரி விடுதியில் தங்கினார். மகளை உறவினர் வளர்த்தனர். வார இறுதிகளில் சென்று பார்த்துவந்தார். பெருந்தொகை ஆண்களிடையே ஒற்றைப் பெண்ணாய் இருந்த அவருக்கு வகுப்பில் இடர் நேர்ந்ததாகச் செய்தி இல்லை. உடன் படித்தோர் மதிப்புடன் நடந்துகொண்டனர் என்றே பின்னாளில் நினைவுகூரப்பட்டது. வருத்தியது தனிமை. அதனை உணர்ந்த சுப்பாராவ் மற்றொரு முயற்சியை மேற்கொண்டார். பெண்களும் சேரலாம் எனக் கல்லூரி வெளிப்படையாக விளம்பரம் செய்ய வேண்டும் என்று நிருவாகத்தை இணங்கச் செய்தார். அடுத்த ஆண்டு லீலாம்மா ஜார்ஜ், பி. கே. த்ரேசியா என்னும் இருவர் கட்டுமானப் பொறியியல் வகுப்பில் சேர்ந்தனர். இருவரும் இன்றைய கேரளப் பகுதியினர். கிண்டிப் பேராசிரியர் எவருக்கும் மகளல்லர்.

திருப்புமுனை இதுவே எனக் கொள்ளத் தகும். சேர்க்கைக்கு இசைந்தபோது கல்லூரி ஒருவருக்கு மட்டும் சலுகை அளித்தது. விளம்பரம் செய்தபோதோ, தான் அறியாத பெண்களையும் விண்ணப்பிக்க அழைத்தது. அழைத்த உடனேயே இருவர் வந்தனர். ஆர்வமோ தகுதியோ அதுவரை இல்லாதிருந்தது என்று இதன்பின் கூற இயலாது, அறிவிப்பே இல்லாதிருந்தது. மகளின் தனிமையைப் போக்க எண்ணிய ஒரு தந்தையின் செயல், அவர் கருதியிருக்கக்கூடியதைவிடப் பெரிய விளைவைத் தந்தது.

இரண்டாம் உலகப் போர் காரணமாகப் பல்கலைக்கழகம் படிப்புக் காலத்தைச் சில மாதங்கள் குறைத்தமையால், ஓராண்டு இளையவர்களான இருவரும் லலிதாவுடன் ஒரே காலத்தில் படிப்பை முடித்தனர். பட்டச் சான்றிதழ்ப் படிவத்தில் ‘அவன்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதனை அடித்துவிட்டு ‘அவள்’ என எழுத வேண்டியதாயிற்று. சுவையான செய்தியாக இது அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. சேர்க்கை, விடுதி, பாடம், தேர்வு அனைத்தையும் கடந்த பின்னரும் பல்கலைக்கழகத்தின் அச்சுப்படிவம் இப்பெண்களை எதிர்பார்த்திருக்கவில்லை என்பதற்கு அது சான்று.

அதே பல்கலைக்கழகம், அதே காலம்

படிவத்தில் ஒரு சொல்லை மாற்றிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மற்றொரு முடிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அன்னா மாணி 1939இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியலிலும் வேதியியலிலும் சிறப்புநிலைப் பட்டம் பெற்று, 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்து, 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளைத் தனித்து எழுதி வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று கூறி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் தம்முள் கலந்துரையாட இடமில்லாதவாறு பிரித்து வைக்கப்பட்டிருந்தனர் என்பதை அறிவியல் வரலாற்றாசிரியர் ஆபா சுர் எடுத்துக்காட்டியுள்ளார். கிண்டியில் தனிமை ஒரு குறையாக உணரப்பட்டு நீக்கப்பட்டது. பெங்களூரில் அது ஒழுங்காகக் கொள்ளப்பட்டது. அன்னா மாணி 1948இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். பட்டம் இன்றியே அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

அறிவிப்பு மட்டுமே போதுமானதன்று என்பதற்கு வங்காளம் சான்றாகிறது. விடுதலைக்குப் பின் அரசே முன்வந்து வங்காளப் பொறியியல் கல்லூரியைப் பெண்களுக்குத் திறந்தது. 1947இல் சேர்ந்த இருவரில் ஒருவர் இடையில் விலகினார். இலா மஜும்தார் மட்டுமே 1951இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். களப்பணி கடினம் எனக் கூறிக் கட்டுமானப் பொறியியல் அவருக்கு மறுக்கப்பட்டது. கிண்டியில் லீலாம்மாவும் த்ரேசியாவும் பயின்றது அதே கட்டுமானப் பொறியியலையே.

பட்டத்திற்குப் பின்

லீலாம்மா திருவிதாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். த்ரேசியா கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் பிரிவு அலுவலராகத் தொடங்கி, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். களப்பணி பெண்ணுக்கு ஏலாது என்னும் வாதத்திற்குச் சாலைகளும் பாலங்களும் மருத்துவமனைக் கட்டடங்களுமாக அவர் விட்டுச்சென்ற விடை போதுமானது.

லலிதா ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டுப் பயிற்சி பெற்று, 1944 இறுதி முதல் 1946 வரை சிம்லாவில் மத்திய தரநிர்ணய அமைப்பில் பணிபுரிந்தார். சிறிது காலம் தந்தையின் ஆய்வுகளுக்குத் துணைநின்றார். வருமானம் தேவைப்பட்டமையால் 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கடத்துத் தடங்களையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் பங்கேற்றார். இலண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. இந்தியாவில் பெண் பொறியாளர்க்கெனக் கிளை அமைப்பு ஏதும் அப்போது இல்லாமையால் லலிதா தனிநபராகவே அதில் கலந்துகொண்டார். 1967இல் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டிற்கு இந்தியப் பிரதிநிதியாகச் செயற்பட்டு, அதில் பங்கேற்கத்தக்க பெண் பொறியாளர்களை நாட்டின் பல பகுதிகளிலும் தேடித் தொடர்புகொள்ளும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.