பௌர்ணமியும் காவிரியின் மீன்பாடும்: ஓதம், ஒளி என்னும் இரு காரணங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தருமபுரி மாவட்டத்தில் ஓதம் ஏறி இறங்கும் ஆறு ஒன்றும் இல்லை. மாவட்டத்தின் மேற்கெல்லையாக ஓடும் காவிரியும், அரூர்ப் பகுதியைத் தழுவிச் செல்லும் தென்பெண்ணையும் சமுத்திரத்தைச் சேர்வதற்கு முன் இன்னும் பல மாவட்டங்களைக் கடந்தாக வேண்டும்; ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரி சென்று தேங்கும் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் நிறைமட்டமோ கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி உயரத்தில் இருப்பது. ஆயினும், நிலாக் காலத்தில் மீன்பாடு எப்படி இருக்கும் என்னும் கேள்வி, காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரிலும், கொள்ளிடத்தின் முகத்துவாரமான பழையாற்றிலும் எவ்வளவு இயல்பாக எழுகின்றதோ, அவ்வளவு இயல்பாகவே பென்னாகரம் வட்டத்து நாகமரையிலும் ஒட்டனூரிலும் எழுகின்றது. ஓதமில்லாத இடத்தில் இக்கேள்விக்குப் பொருள் உண்டா, உண்டெனில் அது கழிமுகத்தில் கொண்ட பொருளேதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. சந்திரன் எல்லா ஜலத்தையும் ஒருபடியாகவே ஆள்கிறான், ஆதலால் கழிமுகத்துக்குரிய விதி ஏரிக்கும் அணைக்கும் பொருந்தும் என்பது ஒன்று. அமெரிக்காவில் ஜான் ஆல்டன் நைட் என்பவர் 1926 முதல் வகுத்துப் பரப்பிய கோட்பாடு இந்த வகையைச் சேர்ந்தது. சந்திரன் உச்சிக்கு வரும் வேளையிலும் அதற்கு நேரெதிரே பூமியின் மறுபுறம் நிற்கும் வேளையிலும் மீன்கள் இரை தேடப் புறப்படுகின்றன என்று அவர் கூறியதை, அந்நாட்டில் 'பாஸ்' என்னும் மீனுக்குத் தூண்டிலிடுவோர், உப்புநீர் நன்னீர் என்ற பேதமின்றிப் பஞ்சாங்கம் போல் கைக்கொண்டனர். மற்றோர் அபிப்பிராயம், கடலோரத்துக்கு அப்பால் இது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது. இவ்விரண்டுமே பிழையென்பது என் துணிபு. ஒரே நதியில் ஒரே சந்திரன் இருவேறு காரணங்களாக நின்று தொழிற்படுகிறான்: கழிமுகத்தில் முதன்மையாக ஓதத்தால், மேல்நாட்டு நீரில் ஒளியால் மட்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமையாலேயே, இருவிடத்து மீனவரும் சொல்லும் உண்மைகள் ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றுகின்றன.

முதலில் கழிமுகத்தைக் காண்போம். அங்கு இவ்விஷயத்துக்கு நாயகன் கொடுவா. நன்னீரிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்கு உப்பு மிகுந்த முகத்துவாரத்தை நாடி இறங்குவதும், ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பெருத்தபின் பெண்ணாக மாறுவதும், இருளில் செவ்விதின் ஒளிரும் கண்களை உடையதும் ஆகிய இம்மீன், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டியே பெரும்பாலும் முட்டையிடுகின்றது. அப்போது ஏறிவரும் நீர் அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் கழிக்குள் கொண்டுசேர்க்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டதுமுதல் இம்மீன் பண்ணைப் பொருளாகவும் ஆகிவிட்டது. எனினும், அதன் இயற்கை வாழ்வு ஓதத்தோடு பின்னிக் கிடப்பதை எந்தத் தொட்டியும் மாற்றிவிடவில்லை.

சூரியனும் சந்திரனும் பூமியும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் நிற்கும் உவா நாள்களில், அதாவது பௌர்ணமி, அமாவாசை இரண்டிலும், ஓதம் பெரிதாகின்றது; அஷ்டமியை ஒட்டிச் சிறுக்கின்றது. சோழமண்டலக் கரையில் ஓதத்தின் உயரம் பெரிதன்று. ஹூக்ளியில் பேரோதக் காலத்தில் நீர் ஐந்து மீட்டருக்கும் மேல் ஏறியிறங்க, காவிரி முகத்திலோ அது ஒரு மீட்டர் அளவுக்குள்ளேயே அடங்குகிறது. ஆனால் தட்டையான கடைமடை நிலத்தில் இச்சிறு ஏற்றமே பெருங்காரியம் செய்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில், சிற்றோதத்தில் நனையாத சேற்றுத்திட்டுகள் பேரோதத்தில் மூழ்கும். அங்கு மேயப் புகுந்த இறாலும் சிறுமீனும் நீர் வற்றும்போது குறுகிய வாய்க்கால்களின் வழியே திரும்பியாக வேண்டும். அவ்வாய்க்கால்களின் வாயில் கொடுவா காத்து நிற்கும். ஆகவே, உயிர் இறாலைத் தூண்டிலில் கோத்து வற்றுநீரில் இடுபவன் பௌர்ணமியை விரும்புவதற்கு ஒளி காரணமன்று, நீரின் வேகமே காரணம். ஓர் இடத்தில் பௌர்ணமியன்று ஓதம் நிறையும் கடிகார நேரம் மாதந்தோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அந்நேரத்தை முன்னறிந்து செல்வதும் அவனுக்கு எளிது.

ஆயினும் அதே காவிரி முகத்தில் இதற்கு எதிர்மாறான ஒரு வழக்கம் பழங்காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், புகார் நகரத்துப் பரதவர் உவா நாளில் கடல்வேட்டைக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்டு, உண்டும் ஆடியும் ஓய்ந்திருப்பதாகக் காட்டப்படுகின்றனர். புலவர் அதற்குச் சமய ஆசாரமன்றி வேறு காரணம் கூறவில்லை. ஆனால் ஆசாரங்கள் பலவும் தொழிலின் அநுபவத்தின்மேல் எழுவன என்பதை அறிந்தவர்களுக்கு, நிலவொளியில் வலையின் நூல் மீனின் கண்ணுக்குப் புலனாகும் என்னும் உண்மை இதன் அடியில் இருத்தல் கூடும் என்று அநுமானிப்பது தவறாகாது. கழிவாயில் தூண்டிலோடு நிற்பவனுக்கு ஆக்கமாகிய இரவு, திறந்த கடலில் வலையிடுபவனுக்கு ஓய்வாகிய இரவு. இரண்டு காரணங்களும் ஒரே ஊரில் சந்திக்கின்றன; அவற்றைப் பிரித்துக் காண்பதற்கு நாம் ஓதமே எட்டாத இடத்துக்குச் செல்ல வேண்டும். தருமபுரி மாவட்டம் இவ்வாராய்ச்சிக்குப் பயன்படுவது இங்கேதான்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதன்பின், அதன் தேங்குநீர் ஒகேனக்கல்லை நோக்கி மேலேறிப் பரவி, பென்னாகரம் வட்டத்துக் கரையோர ஊர்களில் புதியதொரு மீன்பிடித் தொழிலை உண்டாக்கியது. அங்கு பரிசலில் சென்று மாலையில் ரங்கூன் வலையையும் உடு வலையையும் இட்டு விடியலில் எடுப்பது முறை. இத்தகைய நீர்நிலைகளில் செவுள்வலை இடுவோர் நிலவு காய்கிற இரவுகளில் மீன்பாடு குறைவென்று சொல்வது பொதுவான வழக்கு. இதில் ஓதத்துக்கு இடமே இல்லை. வட அமெரிக்காவின் மகா ஏரிகளில்கூடச் சந்திரனின் ஈர்ப்பால் நீர் ஏறுவது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவென்றால், அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியதாகிய ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் அது எந்த மீனுக்கும் உணரத்தக்கதாக இருத்தல் இயலாது. நைட்டின் கோட்பாட்டை இங்குக் கொணர்ந்து பொருத்துவோர் இந்த ஒரு கணக்கிலேயே தோற்றுவிடுகின்றனர்.

எஞ்சி நிற்பது ஒளி. அதன் வல்லமை சாமானியமானதன்று. பூரணச் சந்திரனின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கே எனினும், நீருள் வாழும் நுண்ணுயிர்களின் இரவு வாழ்க்கையை ஒழுங்குபடுத்த அது போதும். போலந்து நாட்டு விஞ்ஞானியான கிளிவிச், ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டின் கபோரா பாசா நீர்த்தேக்கத்தை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட கட்டுரை இவ்விஷயத்தில் மிகச் சிறந்த சாட்சி. பகலில் ஆழத்தில் ஒளிந்து, இருட்டியபின் மேலே வந்து மேய்வது மிதவை விலங்குகளின் இயல்பு. பௌர்ணமிக்கு முந்திய நாள்களில் சூரியன் மறையும்போதே சந்திரன் வானத்தில் இருப்பதால் அவை எச்சரிக்கையாக இருக்கின்றன. பௌர்ணமிக்குப் பின்னரோ, நாள்தோறும் சுமார் ஐம்பது நிமிஷம் தாமதித்துச் சந்திரன் உதிப்பதால், முதலில் ஓர் இருட்டு இடைவேளை வாய்க்கிறது. அதை நம்பி அவை மேலே வர, திடீரென்று எழும் நிலவில் சிறுமீன்கள் அவற்றைக் கூட்டமாக விழுங்கிவிடுகின்றன. பௌர்ணமிக்குப் பிறகு அந்நீர்த்தேக்கத்தில் மிதவை விலங்குகளின் தொகை சட்டென வீழ்வதற்கு அவர் கண்ட காரணம் இது. கடலுக்கு வெகுதூரத்தில், ஓதத்தின் சாயலும் இல்லாத நீரில், சந்திரன் ஒளியால் மட்டுமே இத்துணை செய்ய வல்லவன் என்பது இதனால் தெளிவாகின்றது.

மேட்டூரில் பிடிபடும் மீன்களுள் முக்கியமானதும், காவிரிக்கு அயலிலிருந்து கொணரப்பட்டதுமாகிய கட்லா, மேல்நீரில் மிதவை விலங்குகளைத் தின்று வாழ்வது. ஆதலின், கபோரா பாசாவில் கண்ட நியாயம் இங்கும் ஓரளவு செல்லும் என்று எதிர்பார்க்கலாம். அது மெய்யானால், வளர்பிறைத் துவாதசியும் தேய்பிறைச் சதுர்த்தியும் நிலவின் அளவால் ஏறத்தாழ ஒன்றாயினும் மீன்பாட்டில் ஒன்றாக இருத்தல் ஆகாது. முன்னதில் அந்தி தொட்டே வெளிச்சம், பின்னதில் முன்னிரவில் இருட்டு. அதைவிட எளிய சோதனையும் ஒன்றுண்டு. அமாவாசையில் ஓதம் பௌர்ணமிக்கு நிகராகப் பெரிது, ஒளியோ அறவே இல்லை. எனவே பழையாற்றுக் கழியில் தூண்டிலில் படும் கொடுவா, உவா இரண்டிலும் ஒத்திருக்குமானால் காரணம் ஓதம். மேட்டூர்த் தேக்கத்தில் வலைமீன் அமாவாசையில் மிகுந்து பௌர்ணமியில் குறையுமானால் காரணம் ஒளி. சந்திரனை ஆராய விரும்புவோர் பௌர்ணமியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது பாதிக் கணக்கே.

இனி, தேக்கத்துக்கு மேலே, ஒகேனக்கல்லில் ஓடும் ஆற்றில் நிலைமை மேலும் வேறுபடுகின்றது. சின்னாறு வந்து கலக்குமிடத்தில் பாறை இடுக்குகளில் சீறிப்பாயும் அப்பிரவாகத்தின் ஏற்ற இறக்கம் திதியைப் பொறுத்ததன்று; கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரத்திலும் திறக்கப்படும் மதகுகளைப் பொறுத்தது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளந்து குறிக்கும் அளவே இவ்விடத்து மீனவனுக்கு ஓதப் பட்டியல். ஆடி மாதத்தில் நீர் பெருகிக் கலங்கி வரும்போது நிலவொளி நீருக்குள் சில விரற்கடைக்கு மேல் இறங்காது; அக்காலத்தில் பௌர்ணமியும் அமாவாசையும் மீனுக்கு ஒன்றே. நிலவின் செல்வாக்கை இங்கு எதிர்பார்க்கத்தக்கது நீர் தெளிந்து ஓடும் தை முதல் சித்திரை வரையிலான மாதங்களிலேயே. பருவத்தைக் குறிக்காமல் "பௌர்ணமியில் மீன் படும்" என்றோ "படாது" என்றோ சொல்வது ஆகையால் முழு உண்மையாகாது.

காவிரியின் இரு முனைகளையும் ஒருகாலத்தில் மீன்களே இணைத்தன என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கடலிலிருந்து ஏறிவந்த உல்லம், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையில் தடையுண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மீன்துறையார் அவ்விடத்தருகே அதன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றனர். மேட்டூர் அணை எழுந்து வெள்ளப்பெருக்கு அடங்கியபின் அம்மீன் மேலும் அருகியது. விலாங்கோ உல்லத்துக்கு மறுதலை. நன்னீரில் வளர்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்கு இறங்குவது. ஐரோப்பிய விலாங்கு நிலவற்ற இருண்ட இரவுகளையே தேர்ந்து ஆற்றில் இறங்குகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆற்றின் நடுவில் ஒளிக்கு அஞ்சும் ஓர் உயிர், ஆற்றின் கடையில் ஓதத்தைத் துணைகொள்ளும் என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் கிடைப்பது அரிது. ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் எழுதிய தூண்டில் நூலில் வியந்து போற்றிய மகசீர் இனத்துள், காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் 2018இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. அணைகளால் துண்டுபட்ட ஒரு நதியில், ஓரிடத்து அநுபவத்தை மற்றோரிடத்து விதியாக்குவது முன்னிலும் பொருந்தாது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவி விலையுயர்ந்ததன்று. மேட்டூர்த் தேக்கத்தின் மீன் இறங்குமிடங்களில் மீனின் வகையும் எடையும் ஏற்கெனவே கணக்கெழுதப்படுகின்றன. அக்கணக்கில் திதி, வலை நீரில் இருந்த நேரம், நீரின் தெளிவு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதும்படி தமிழ்நாட்டு மீன்வளத் துறையார் ஏற்பாடு செய்ய வேண்டும். பழையாற்றிலும் அவ்வாறே கொடுவாவுக்கு ஒரு கணக்கு தொடங்கப்பட வேண்டும். நாகமரையிலும் ஒட்டனூரிலும் வலையிடும் மீனவர்களைத் தகவல் தருவோராக மட்டும் கருதாமல், கணக்கை எழுதுவதிலும் அதற்குப் பொருள் காண்பதிலும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று, இத்துறையில் உழைக்கும் அறிஞர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.