‘பறவைகள்’ பட்ட பாடு

கிரேக்க நாட்டின் பழம்பெருமையைக் கூறாத சரித்திர நூல் இல்லை. ஆனால் அப்பெருமை, அந்நாட்டில் உழுதும் மீன் பிடித்தும் மூட்டை சுமந்தும் பிழைக்கும் மக்களுக்கு உரியதா, அன்றி ஏடு கற்ற பண்டிதர்க்கும் பதவியில் அமர்ந்தோர்க்கும் மட்டுமே உரியதா என்றொரு வழக்கு அங்கே நெடுங்காலம் நடந்தது. அது பெரும்பாலும் நாடக மேடையிலேயே நடந்தது. மக்கள் பக்கம் நின்றவர்கள் ஓர் இயக்குநர், ஓர் ஓவியர், ஓர் இசைவாணர், ஒரு நடன ஆசிரியை, ஒரு கவிஞர். இவ்வைவரும் கூடி உழைத்த கதையையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

வழக்கின் வேரைக் காண 1903 ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அக்காலத்தில் கிரீஸில் இரண்டு மொழிகள் வழங்கின. ஒன்று மக்கள் வீட்டிலும் வீதியிலும் பேசியது. மற்றொன்று, பழங்கிரேக்கத்தை ஒட்டிப் பண்டிதர்கள் செயற்கையாகச் சமைத்தது. சர்க்காருக்கும் கல்விக்கும் உரிய மொழி பின்னதே. அவ்வாண்டு நவம்பர் மாதம் ஏதென்ஸ் நகரின் அரச அரங்கில் ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்தெயா’ நாடகம் சற்றே எளிதாக்கிய நடையில் ஆடப்பெற்றது. முழுதும் மக்கள் மொழிகூட அன்று. பாதி இறங்கி வந்த நடைதான். அதற்கே மிஸ்திரியோத்திஸ் என்னும் பேராசிரியர் கொதித்தெழுந்தார்; அவருடைய மாணவர்கள் வீதியிற் புகுந்து கலகம் விளைத்தனர். இராணுவம் வந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மொழிபெயர்ப்பிற்காக மனிதன் மாண்டான் எனின், அங்கே காக்கப்பட்டது மொழியன்று, மொழியின் பேரால் சிலர் கொண்டிருந்த மேன்மையே என்பது நம் எண்ணம்.

இந்நிலையில் தோன்றியவர் கரோலோஸ் கூன். 1908 இல் துருக்கியின் பூர்சா நகரிற் பிறந்தவர். ஏதென்ஸில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராய் அமர்ந்து, மாணாக்கரைக் கொண்டே அரிஸ்டோபனீஸின் நாடகங்களை ஆட்டுவித்தார். 1934 இல் யானிஸ் சாரூகிஸ் என்னும் இளம் ஓவியருடனும், தெவாரிஸ் என்னும் நண்பருடனும் கூடி ‘மக்கள் மேடை’ என்றொரு குழுவை அமைத்தார். குழு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் கூனுக்கும் சாரூகிஸுக்கும் அன்று ஏற்பட்ட தொடர்பு பல்லாண்டு நீடித்தது.

சாரூகிஸைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பிரேயஸ் துறைமுகத்தில் 1910 இல் பிறந்த அவர், கோந்தோகுலு என்னும் ஓவியரிடம் மாதாகோயிற் படங்களின் பழமுறையைப் பயின்றார். ஆயினும் அவர் உள்ளத்தைக் கவர்ந்த மற்றொரு கலை தெருவில் இருந்தது. அதுவே ‘கராகியோசிஸ்’ எனப்படும் நிழற்பாவைக் கூத்து. மலாய் மக்களின் வாயாங் கூலிட்டைக் கண்டோர் இதன் தன்மையை எளிதில் உணர்வர். கராகியோசிஸ் கூனன், வெறுங்காலன், எந்நேரமும் பசித்திருப்பவன். நீண்ட தன் கையையும் வாய்ச்சாதுரியத்தையும் கொண்டு பாஷாக்களை ஏய்த்து உண்பவன். படித்தோர் இதனைக் கீழ்மக்கள் கூத்தென்று ஒதுக்கினர். சாரூகிஸோ, கூத்து விளம்பரத் தட்டிகளின் வண்ணத்தையும் கோட்டையும் கலைக்கூடத்துப் படங்களைக் கற்பதுபோலக் கற்றார். அரிஸ்டோபனீஸின் சிரிப்பை விளங்கிக்கொள்ள உயர்ந்த வழி இப்பசித்த கூனனே என்பதை இக்குழுவினர் கண்டுகொண்டனர்.

பின்னர்ப் போர் வந்தது. 1941 இல் ஜெர்மானியர் ஏதென்ஸைக் கைப்பற்றினர். அடுத்த குளிர்காலத்தில் மக்கள் பட்டினியால் வீதியில் வீழ்ந்து மடிந்தனர். அத்தகைய காலத்தில், 1942 அக்டோபரில், கூன் தம் ‘கலை அரங்க’த்தை இப்சனின் ‘காட்டு வாத்து’ நாடகத்துடன் தொடங்கினார். சோற்றுக்கு வழியில்லாதபோது கூத்து எதற்கென்று கேட்போரும் உளர். அக்கேள்வியை அவ்வூர் மக்கள் கேட்டிலர் என்பதே நாம் தரும் விடை.

இவ்வரங்கிற்கு இசையமைக்க வந்தவர் 1925 இற் பிறந்த மானோஸ் ஹஜிதாக்கிஸ். 1949 ஜனவரி 31 ஆம் நாள் இதே அரங்கில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்று கிரேக்கக் கலைச் சரித்திரத்தில் நிலைபெற்றுவிட்டது. பொருள்: ‘ரெபேத்திகா’ பாடல்கள். இவை துறைமுகக் கூலிகளும், சிறைப்பட்டோரும், 1922 இல் சின்ன ஆசியாவினின்று விரட்டப்பட்ட அகதிகளும் புசூக்கி என்னும் நரம்புக் கருவியுடன் பாடியவை. கனவான்கள் காதைப் பொத்திக்கொண்ட பாடல்கள். மெதாக்சாஸின் சர்வாதிகாரம் தணிக்கைக்கு உட்படுத்திய பாடல்கள். இருபத்துமூன்றே வயதான ஹஜிதாக்கிஸ், இவற்றுக்கும் பழைய பைசாந்திய வழிபாட்டிசைக்கும் உறவுண்டு என எடுத்துக்காட்டினார். வம்வகாரிஸும் பெல்லு அம்மையும் நேரில் வந்து பாடினர். கள்ளுக்கடையில் ஒலித்தது முதன்முறையாகக் கற்றோர் சபையேறிற்று.

ராலு மானு அம்மையார் 1951 இல் கிரேக்க நடனக் குழுவை நிறுவி, இவ்விசைக்கும் ஓவியத்திற்கும் ஏற்ற ஆட்டத்தைத் தேடலானார். கூனின் அரங்கோ பணமின்றி மூடுண்டு, 1954 இல் ஏதென்ஸின் நடுவே ஒரு நிலவறையிற் புத்துயிர் பெற்றது. நடிகரைச் சூழ்ந்து மக்கள் அமரும் சிறு வட்ட மேடை அது.

இங்ஙனம் தனித்தனியே பழுத்தவை யாவும் ஒன்று கூடிய நாள் 1959 ஆகஸ்ட் 29. இடம், அக்ரோபோலிஸ் குன்றின் அடியிலுள்ள ஹெரோதெஸ் அட்டிகஸ் கல்லரங்கம். நாடகம், அரிஸ்டோபனீஸின் ‘பறவைகள்’. இயக்கம் கூன், காட்சியும் உடையும் சாரூகிஸ், இசை ஹஜிதாக்கிஸ், நடனம் ராலு மானு, மக்கள் மொழியில் ஆக்கியவர் வசீலிஸ் ரோத்தாஸ். இந்த ரோத்தாஸ், 1944 இல் விடுதலைப் படையினர் நடுவே மலைக்கிராமங்களில் நாடகக்குழு நடத்திய கவிஞர்.

கதை கி.மு. 414 இல் எழுந்தது. வழக்காடிச் சலித்த இரு ஏதென்ஸ் நகரத்தார் பறவைகளிடம் சென்று, வானுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு நகரம் சமைக்கின்றனர். மண்ணில் இடும் பலியின் புகை மேலே செல்லாமல் நகரம் தடுத்துவிட, தேவர்கள் பட்டினி கிடந்து சமாதானத்திற்குத் தூது விடுகின்றனர்! புது நகரத்திற் பிழைப்புத் தேடி வருவோரில் ஒரு புரோகிதன், ஒரு குறிசொல்லி, ஒரு கவி, ஓர் அதிகாரி எல்லாரும் உளர், விரட்டவும் படுகின்றனர். 2,400 ஆண்டுகட்கு முன்னர் ஒருவன் இவ்வளவு துணிந்து எழுதியதையும், அதைத் தெய்வ விழாவிலேயே ஆடவிட்டதையும் நினைக்க வியப்பு மிகுகின்றது.

கல்லரங்கில் அப்புரோகிதன் இக்காலத்துக் கிறிஸ்தவக் குருவின் சாயலில், மாதாகோயில் இராகத்தில் மந்திரம் ஓதினான். கூச்சல் எழுந்தது. மறுநாளே அமைச்சர் கான்ஸ்தந்தீன் சாத்சோஸ், எஞ்சிய ஆட்டங்களைத் தடை செய்தார். மூலநூலின் கருத்தைத் திரித்ததும் மக்களின் மதவுணர்ச்சியைப் புண்படுத்தியதும் கூறப்பட்ட குற்றங்கள். சாத்சோஸ் கல்லாதவர் அல்லர், தத்துவப் பேராசிரியர், கவி செபேரிஸின் தங்கை கணவர். ஆகையாற்றான் இத்தடை நமக்கு வருத்தம் தருகின்றது. பழங்காலத்துப் புரோகிதனைப் பரிகசித்தால் அது இலக்கியம். அவனுக்கு இக்காலத்து அங்கியை உடுத்தினால் அது குற்றம். அரிஸ்டோபனீஸ் தம் காலத்தாரையன்றோ பரிகசித்தார்? மூலத்தின் கருத்தைக் காத்தவர் யார், திரித்தவர் யார் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகின்றோம்.

குழு கலையவில்லை. நாடகத்தைத் திருத்தித் திருத்தி மெருகேற்றினர். நடனத்தைப் பின்னர் சூசு நிகொலூதி அம்மையார் அமைத்தார். 1962 இல் பாரிஸ் நகரில் நடந்த ‘உலக நாடுகளின் அரங்கம்’ என்னும் விழாவில் ‘பறவைகள்’ முதற்பரிசு பெற்றது. 1964 இல் லண்டன் மாநகரமும் கண்டு மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு அங்கேயே ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’ ஆடப்பெற்றது. அதற்கு இசை யானி கிறிஸ்து.

1967 முதல் 1974 வரை நாட்டை இராணுவ அதிகாரிகள் ஆண்டனர். அவர்கள் வீழ்ந்த மறு ஆண்டு, 1975 இல், தேசிய நாடக மன்றத்தின் தனியுரிமை போல் இருந்த எபிடாரஸ் பழம்பேரரங்கில் கூனின் குழு ‘பறவைகளுடன்’ ஏறிற்று. அதே ஆண்டில் நாட்டின் ஜனாதிபதியாக அமர்ந்தவர், முன்னர்த் தடைவிதித்த அந்தச் சாத்சோஸே. 1976 இல் மக்கள் மொழியே கல்விக்குரிய மொழியாகச் சட்டமாயிற்று.

மறு ஆண்டு சாரூகிஸ், யூரிபிடீஸின் ‘திராய் நாட்டுப் பெண்டிர்’ நாடகத்தைத் தாமே மக்கள் மொழியிற் பெயர்த்து, தாமே இயக்கி, ஏதென்ஸில் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் ஒரு வெற்றிடத்தில் ஆட்டுவித்தார்.